பெற்றோர் விடைபெறும் கணம், குழந்தையின் பக்கத்திலிருந்து: கவிதை எழுதுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிரேக்கக் கவிஞர் ஹோமரின் இலியட் காவியத்தின் ஆறாம் பகுதியில், போர்க்களத்துக்குத் திரும்புவதற்கு முன் தன் மகனை ஒருமுறை வாங்கிக்கொள்ள டிராய் நகரத்து வீரன் ஹெக்டர் கைகளை நீட்டுகிறான். குழந்தையோ அலறிக்கொண்டு செவிலியின் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறது. தந்தை போகிறான் என்பது அதற்குத் தெரியாது. அவனுடைய தலைக்கவசத்தின் உச்சியில் அசைந்தாடும் குதிரைமயிர்க் குஞ்சம்தான் அதை நடுங்கவைக்கிறது. பெற்றோர் இருவரும் சிரித்துவிடுகிறார்கள். ஹெக்டர் கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, மகனை முத்தமிட்டுக் கைகளில் ஏந்தி ஆட்டுகிறான். தாய் கண்ணீரினூடே சிரித்தபடி குழந்தையைப் பெற்றுக்கொள்கிறாள். அவள் வீடு திரும்பியதும், அவன் இனி மீளமாட்டான் என்று எண்ணி, உயிரோடு இருப்பவனுக்காகவே அந்த வீட்டுப் பெண்கள் அழுகிறார்கள்.

இந்தக் காட்சியில் பிரிவைப் பற்றிக் குழந்தை ஒரு சொல்லும் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. இருந்தும் 2,500 ஆண்டுகளுக்கும் மேலாக இதைக் கேட்பவர்களும் வாசிப்பவர்களும் நெஞ்சு கலங்குவதற்குக் காரணம், குழந்தை எதற்கு அழுகிறது என்பதற்கும் நாம் எதற்கு அழுகிறோம் என்பதற்கும் இடையிலுள்ள இடைவெளியே. சிறு குழந்தை பிரிவைப் பார்ப்பதில்லை. பிரிவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பொருளைப் பார்க்கிறது. இந்த வழிகாட்டியில் வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு கருத்தைக் கவிதையில் செயல்படுத்துவதற்கானவை.

முதல் படி: குழந்தையின் வயதை முடிவு செய்யுங்கள்

"சிறு குழந்தை" என்று பொதுவாக நினைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினால், ஆறு மாதக் குழந்தையின் உடலும் பத்து வயதுச் சிறுவனின் அறிவும் ஒட்டவைக்கப்பட்ட ஓர் உருவம்தான் கவிதையில் வந்து நிற்கும். ஆகவே ஒரு சொல்லும் எழுதுவதற்கு முன், குழந்தையின் வயதை ஆண்டும் மாதமுமாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் கவிதையில் வரவேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு வரியும் அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

மறைக்கப்பட்ட பொருளைக் குழந்தை தேடத் தொடங்குவது ஏறத்தாழ எட்டாம் மாதத்தில் என்று சுவிட்சர்லாந்து நாட்டு உளவியலாளர் ழான் பியாஜே கண்டார். கண்ணுக்குத் தெரியாதது இல்லாமல் போய்விடவில்லை என்ற அறிவு முளைக்கும் அதே காலத்தில்தான், தாய் அறையைவிட்டு அகன்றால் வீறிட்டு அழும் பழக்கமும் தொடங்குகிறது. பெரும்பாலான குழந்தைகளிடம் பத்து மாதத்துக்கும் பதினெட்டு மாதத்துக்கும் இடையில் அது உச்சத்தை அடைகிறது. இரண்டு வயதில் குழந்தையிடம் பெயர்களும் கேள்விகளும் இருக்கும், காலக்கணக்கு இருக்காது. மூன்று, நான்கு வயதில் "நேற்று" என்பது கடந்துபோன எல்லா நாளையும், "நாளை" என்பது வரப்போகும் எல்லா நாளையும் குறிக்கும்.

மரணத்தைப் பற்றி எழுதுபவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். மரியா நாகி என்ற ஆய்வாளர் ஹங்கேரியில் 378 குழந்தைகளிடம் பேசி, தம் முடிவுகளை 1948-இல் வெளியிட்டார். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் மரணத்தை ஒரு புறப்பாடாகவே கருதினார்கள் என்பது அவற்றுள் முதன்மையானது. இறந்தவர் வேறெங்கோ வேறுவிதமாக வாழ்ந்துகொண்டிருக்கிறார் என்பதே அவர்களின் எண்ணம். அப்படியானால், வேலைக்குப் போகும் தந்தையும் மண முறிவுக்குப் பின் பெட்டியோடு வெளியேறும் தந்தையும் மரணத்தில் பிரியும் தந்தையும் நான்கு வயதுக் குழந்தைக்கு ஒரே வாசல் வழியாகப் போகிறவர்கள்தாம். வேறுபாட்டை அது வீட்டில் எஞ்சியிருப்பவர்களின் முகத்தில்தான் படிக்கிறது. உங்கள் கவிதை எந்தப் பிரிவைச் சொல்கிறது என்பதை வாசகர் அறிய வேண்டுமானால், அதற்கான குறிப்பும் அந்த முகங்களில் இருக்கட்டும்.

இரண்டாம் படி: யாருடைய கண் என்பதைத் தீர்மானியுங்கள்

குழந்தையே அந்தக் கணத்தில் பேசலாம். வளர்ந்துவிட்ட குழந்தை பல்லாண்டுகள் கழித்து நினைத்துப் பார்க்கலாம். மூன்றாமவர் ஒருவர் பார்த்துச் சொல்லலாம். பிரிந்து போகிறவரே திரும்பிப் பார்க்கலாம். நான்காவது வழியில் குழந்தையின் எதிர்வினையைவிடப் போகிறவரின் குற்ற உணர்வே பெரிதாகிவிடுவதால், அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

இரண்டாவது வழிக்கு ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பர் 1790-இல் எழுதிய கவிதை நல்ல சான்று. ஆறு வயது நிறையும் முன்பே, 1737-இல், அவர் தாயை இழந்தார். அரை நூற்றாண்டுக்கும் மேலான பின் தாயின் உருவப்படம் ஒன்று உறவினரிடமிருந்து அவர் கைக்கு வந்தபோது அந்தக் கவிதை பிறந்தது. சவ வண்டி மெல்லப் போவதைத் தன் அறையின் சன்னல் வழியே பார்த்ததை அவர் நினைவுகூர்கிறார். பணிப்பெண்கள், சிறுவனின் துயரம் பொறுக்காமல், அம்மா விரைவில் வந்துவிடுவார் என்று அடிக்கடி உறுதி கூறியதையும், அதை நெடுநாள் நம்பி, ஒவ்வொரு நாளும் "நாளை" என்ற சொல்லிடம் ஏமாந்ததையும் சொல்கிறார். முதியவரின் சொற்களில் சிறுவனின் காத்திருப்பு பேசுகிறது. அந்தப் பணிப்பெண்கள் மீது அவருக்குச் சினம் இல்லை; அவர்களும் துயரத்தில் இருந்தார்கள் என்கிறார். நினைவுகூரும் கவிதைக்கு வாய்க்கக்கூடிய பெரும்பேறு இதுதான்: குழந்தைக்கு அன்று தெரியாத நியாயத்தைப் பெரியவர் இன்று வழங்க முடிகிறது.

புதிதாக எழுதுகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது மூன்றாமவரின் கண்ணை. பக்கத்தில் நின்று பார்ப்பவருக்குக் குழந்தையின் மனத்தைச் சொல்லும் உரிமை இல்லை. கை, கால், முகம், பார்வை ஆகியவற்றை மட்டுமே சொல்ல முடியும். அந்தக் கட்டுப்பாடே மிகையிலிருந்து காப்பாற்றும். முதல் வரைவை இவ்வாறு எழுதிவிட்டு, பின்னர் "அது", "அவள்" என்பவற்றை "நான்" என்று மாற்றிப் பார்த்தால், எந்த வரி குழந்தைக்குச் சொந்தமானது, எது நாம் கடன் கொடுத்தது என்பது உடனே வெளிப்பட்டுவிடும்.

மூன்றாம் படி: குஞ்சத்தைக் கண்டுபிடியுங்கள்

கவிதையின் உயிர் இந்தப் படியில் இருப்பதால் இதற்கு மிகுந்த நேரம் கொடுங்கள். ஹெக்டரின் மகனுக்குக் குதிரைமயிர்க் குஞ்சம் எதுவோ, உங்கள் குழந்தைக்கு அது எது என்று தேட வேண்டும்.

நம் மொழியிலேயே இதற்கு ஈடான ஒரு காட்சி புறநானூற்றின் 46-ஆம் பாடலில் இருக்கிறது. மலையமான் என்ற குறுநில மன்னனின் பிள்ளைகளை யானைக் காலில் இடறுவிக்கச் சோழன் கிள்ளிவளவன் முனைந்தபோது, அவர்களைக் காக்கக் கோவூர் கிழார் பாடியது அது. தந்தையிடமிருந்து பிரிக்கப்பட்டுப் பகைவர் மன்றத்தில் நிறுத்தப்பட்ட அந்தச் சிறுவர்களை அவர் "களிறுகண்டு அழூஉம் அழாஅல் மறந்த புன்தலைச் சிறாஅர்" என்கிறார். தங்களைக் கொல்ல வந்திருக்கும் யானையைப் பார்த்த வியப்பில் அழுகையையே மறந்துவிட்டார்கள். பிறகு மன்றத்தை மருண்டு நோக்குகிறார்கள். முன்பு அறியாத புதிய துன்பம் ஒன்று அவர்களைப் பற்றுகிறது. அரசனுடைய குலத்தின் இரக்கத்தையும் சிறுவர்களுடைய குலத்தின் கொடையையும் முதலில் நினைவூட்டிவிட்டு, இறுதியில் யானையைப் பார்க்கும் சிறுவர்களின் கண்ணை அரசன் முன் வைத்து, கேட்டாயானால் நீ விரும்பியதைச் செய் என்று புலவர் முடித்துக்கொள்கிறார். உயிரைக் காக்க வேண்டிய நேரத்திலும் அவர் இறுதியாகத் தேர்ந்தெடுத்தது இந்த நுட்பமான விவரத்தைத்தான் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

தேடுவதற்கு ஒரு நடைமுறை வழி உண்டு. மூன்று வயதுக் குழந்தையின் உயரம் ஏறத்தாழ 95 செ.மீ.; கண்கள் அதற்கும் சற்றுக் கீழே இருக்கின்றன. தரையில் அமர்ந்து, அந்த உயரத்தில் கண்ணை வைத்து, ஒருவர் வாசல் வழியே வெளியேறுவதைப் பாருங்கள். முகம் தெரியாது. முழங்கால், பையின் அடிப்பாகம், ஆடையின் விளிம்பு, கதவின் கைப்பிடியைக் கீழிருந்து பார்க்கும் கோணம், கதவுக்கும் தரைக்கும் இடையே நகரும் நிழல் ஆகியவையே தெரியும். இவ்வாறு கண்ணில் படும் பொருள்களில் இருபதையாவது எழுதுங்கள். முதலில் தோன்றும் ஐந்தும் எல்லாருக்கும் தோன்றக்கூடியவை. பொம்மை, தலையணை, புகைப்படம், கண்ணாடி, மழை என்று வரும். அவற்றை அடித்துவிட்டு, பட்டியலின் பிற்பாதியிலிருந்து ஒன்றை எடுங்கள்.

பார்வைக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். 1922-இல் வெளிவந்த "சிசு போலாநாத்" தொகுப்பில், அம்மாவை எனக்கு நினைவில்லை என்று தொடங்கும் ஒரு கவிதையைத் தாகூர் எழுதியிருக்கிறார். முகம் நினைவில்லாத அந்தக் குழந்தைக்கு, விளையாட்டின் நடுவே ஏதோ ஒரு மெட்டு காதில் ஒலிக்கிறது. பூவின் மணம் காற்றில் வரும்போது அது அம்மாவின் மணமாகிறது. சன்னல் வழியே தொலைவான வானத்தைப் பார்க்கும்போது அம்மாவின் பார்வை அங்கே நிறைந்திருப்பதாகத் தோன்றுகிறது. மெட்டு, மணம், பார்வை என்ற மூன்றையும் தவிர அதில் வேறு எதுவும் இல்லை. குழந்தைகள் விடாமல் பற்றித் திரியும் போர்வைத் துண்டைப் பற்றிப் பேசிய ஆங்கில மருத்துவர் டொனால்டு வினிகாட், அதைத் துவைத்துவிட்டால் குழந்தையின் அனுபவத்தில் ஒரு முறிவு நேர்ந்து, அதன் மதிப்பே அழிந்துவிடக்கூடும் என்று எச்சரித்தார். துவைக்கப்பட்ட போர்வை என்ற ஒன்றை வைத்துக்கொண்டே ஒரு முழுக் கவிதை எழுதலாம்.

ஓர் எச்சரிக்கை இங்கே தேவை. கண்டுபிடித்த பொருளைக் குறியீடாக்கி விளக்கிவிடாதீர்கள். "அந்தக் குஞ்சம் போரின் கொடூரம்" என்று ஹோமர் சொல்லவில்லை. அது குதிரைமயிர், அவ்வளவே.

நான்காம் படி: எதிர்வினையைச் செயலாக மாற்றுங்கள்

அழுகை என்பது குழந்தையின் பல எதிர்வினைகளில் ஒன்று மட்டுமே. கவிதைக்கு அதுவே மிகக் குறைவாகப் பயன்படுவதும். மருத்துவமனையிலும் காப்பகங்களிலும் பெற்றோரைப் பிரிந்திருந்த சிறு குழந்தைகளைக் கவனித்த ஜேம்ஸ் ராபர்ட்சனும் ஜான் பௌல்பியும் மூன்று நிலைகளைக் கண்டார்கள். முதலில் குழந்தை எதிர்த்துப் போராடுகிறது: அழும், கதவை உலுக்கும், தேடும். அடுத்து நம்பிக்கை இழந்து ஒடுங்குகிறது. இறுதியில் விலகி நிற்கிறது. சூழ்ந்திருப்பவர்களோடு சிரித்து விளையாடுவதால் "பழகிவிட்டது" என்று பெரியவர்கள் மகிழ்கிறார்கள், ஆனால் தாய் திரும்பி வரும் நாளில் அவளை அறியாததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பிரிவைப் பற்றிய கவிதையைத் திரும்பி வரும் நாளில் வைத்து எழுதலாம் என்பதை இது காட்டுகிறது. கதவருகே விரித்த கைகளும், அறையின் மூலையில் திரும்பாத முதுகும் மட்டும் போதும்.

விளையாட்டு மற்றொரு பெருஞ்செல்வம். ஒன்றரை வயதுப் பேரனைக் கவனித்துச் சிக்மண்ட் பிராய்டு 1920-இல் வெளியான நூலில் எழுதியதை, கவிதை எழுதுகிற எவரும் படித்துவைத்திருப்பது நல்லது. நூல் சுற்றிய மரக்கட்டை ஒன்றைக் குழந்தை தன் கட்டிலின் திரைக்குள் எறிந்து, அது மறைந்ததும் "ஓ-ஓ-ஓ" என்று நீட்டி ஒலிக்கும். போய்விட்டது என்று பொருள். பிறகு நூலைப் பிடித்து இழுத்து, கட்டை வெளிப்பட்டதும் "இதோ" என்று மகிழும். தாய் வெளியே போவதைத் தடுக்க முடியாத குழந்தை, போவதையும் வருவதையும் தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டது. ஆனால் எறிகிற பாதியைத்தான் அது மீண்டும் மீண்டும் ஆடியது என்பதையும் பிராய்டு கவனித்தார். ஒருநாள் தாய் பல மணி நேரம் கழித்து வீடு திரும்பியபோது, "பாப்பா ஓ-ஓ-ஓ" என்று குழந்தை அறிவித்தது. தரைவரை எட்டாத ஒரு கண்ணாடிக்குக் கீழே குனிந்து, தன் பிம்பத்தையே மறைந்துபோகச் செய்ய அது கற்றிருந்தது. ஓராண்டுக்குப் பின், தந்தை போர்முனையில் இருந்த காலத்தில், கோபம் வந்தால் பொம்மையைத் தரையில் எறிந்து "போருக்குப் போ" என்று சொன்னது. ஐந்தே முக்கால் வயதில் தாய் உண்மையாகவே இறந்தபோது, அந்தச் சிறுவன் துயரத்தின் அடையாளம் எதையும் காட்டவில்லை என்று ஓர் அடிக்குறிப்பு சொல்கிறது. அந்த அடிக்குறிப்பைக் கடந்து செல்ல எனக்குப் பல நாள் ஆயிற்று. உங்கள் கவிதையில் குழந்தை அழாமல் இருக்கலாம் என்ற துணிவை அது தர வேண்டும்.

நம் இலக்கியத்தில் செயல்கள் வரிசையாக அமைந்த காட்சியைப் பெரியபுராணத்தில் காணலாம். மூன்று வயதுச் சம்பந்தர், நீராடப் போகும் தந்தையின் பின்னால் போகிறார். தந்தை சினந்தவர்போல் தடுக்கிறார். பிள்ளை கிண்கிணி அணிந்த காலைத் தரையில் கொட்டி அடம்பிடிக்கிறது. உன் செய்கை இதுவானால் வா என்று அவர் அழைத்துப்போய்க் குளக்கரையில் இருத்துகிறார். அவர் நீருக்குள் மூழ்கியதும் பிள்ளை தந்தையைக் காணாமல் அங்குமிங்கும் பார்த்து, கோயில் சிகரத்தை நோக்கி "அம்மே அப்பா" என்று அழைத்து அழுகிறது. இறைவனை முன்பே அறிந்த சார்பினால் அழுதாரா, வெறும் பிள்ளைத்தன்மையாலா என்று சேக்கிழார் தாமே கேட்டு, "தம்மேலைச் சார்புணர்ந்தோ சாரும் பிள்ளைமை தானோ" என்று விடையின்றி விட்டுவிடுகிறார். திருத்தொண்டரின் வரலாற்றைச் சொல்ல வந்தவருக்கு முதல் விடையைத் தேர்வது எளிது. ஆயினும் குழந்தையின் அழுகையின் காரணத்தை முடிவுகட்டிச் சொல்ல அவர் மனம் துணியவில்லை. தந்தை மறைந்தது சில கணங்கள்தாம், நீர்ப்பரப்பு மூடிக்கொண்டது. மூன்று வயதுக்கு அது போதுமான பிரிவு.

ஐந்தாம் படி: சொற்களைக் குழந்தையின் அளவுக்குக் கொண்டுவாருங்கள்

ஏக்கம், வெறுமை, தனிமை, இதயம், நினைவுகள், கண்ணீர்த்துளி ஆகிய சொற்களை ஒரு தாளில் எழுதி, அவை இந்தக் கவிதைக்குள் வரக்கூடாது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அவற்றுக்குப் பதிலாகத் தமிழ் நமக்குத் தரும் சில அரிய வசதிகளைப் பயன்படுத்துங்கள்.

"காணோம்" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அப்பா இல்லை என்று குழந்தை சொல்வதில்லை; "அப்பா காணோம்" என்கிறது. சொல்லின் அமைப்பின்படி, இது இல்லாமையை அறிவிக்கவில்லை. நாம் பார்க்கவில்லை என்று மட்டுமே கூறுகிறது. எட்டு மாதக் குழந்தையின் உலகம் முழுவதும் இந்த ஒரு வினைக்குள் இருக்கிறது. பேசத் தொடங்கும் குழந்தை "அப்பா போச்சு" என்றும் சொல்லும். அந்த அஃறிணை முடிவைத் திருத்திவிடாதீர்கள். விளக்கு அணைவதும் பந்து உருண்டு மறைவதும் அப்பா போவதும் அதற்கு ஒரே வகையான நிகழ்ச்சி என்பதை இலக்கணப் பிழையே சொல்லிவிடுகிறது.

அடுத்து, விடைபெறும் சொல். தமிழில் "போகிறேன்" என்று விடைபெறுவதில்லை. "போய் வருகிறேன்" என்றே சொல்கிறோம். பெரியவருக்கு அது மரியாதைச் சொல். குழந்தைக்கு அது வாக்குறுதி. வராதவர் ஒருவர் இந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுப் போயிருந்தால், கூப்பரின் பணிப்பெண்கள் செய்ததை நம் மொழியே செய்துவிடுகிறது. இந்த இரண்டு சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு, முதற்பாதி எங்கே போயிற்று, பிற்பாதி எங்கே என்று குழந்தை தேடுவதாக எழுதலாம்.

காலத்தையும் குழந்தையின் அளவையில் சொல்லுங்கள். "மூன்று மாதம்" என்பது அதற்கு வெற்று ஒலி. எத்தனை முறை தூங்கி எழ வேண்டும், பாடம் செய்த பாட்டை எத்தனை முறை பாடி முடிக்க வேண்டும் என்பவையே அதன் அளவைகள். கேள்விகளை வைக்கும்போது, "ஏன் என்னை விட்டுப் போனாய்?" என்பது பெரியவரின் கேள்வி என்பதை மறவாதீர்கள். "அங்கே இருட்டாகுமா?", "அப்பா எப்படித் தூங்குவார்?" என்பவையே குழந்தையின் கேள்விகள்.

ஆறாம் படி: ஓசை

பிள்ளைத்தமிழில் வாரானை என்று ஒரு பருவம் உண்டு. தளர்நடை பயிலும் பிள்ளையை "வருக, வருகவே" என்று பெரியவர்கள் அழைப்பது அது. நாம் எடுத்துக்கொண்ட பொருளில் இந்த அழைப்பு அப்படியே திரும்பி நிற்கிறது: அழைப்பது பிள்ளை, வரவேண்டியவர் பெரியவர். அந்த மரபின் ஓசையை அறிந்த வாசகரிடம், குழந்தையின் வாயில் வரும் ஒரே ஒரு "வா", திரும்பத் திரும்ப வருமானால், தலைகீழான வாரானையாக ஒலிக்கும். பாடலின் முழு யாப்பையும் கடன் வாங்க வேண்டியதில்லை.

தேம்பும் குழந்தையின் மூச்சு சிறு துண்டுகளாக வந்து, பின்னர் ஒரு நீண்ட மூச்சில் முடியும். வரிகளையும் அப்படி அமைத்துப் பார்க்கலாம்:

கதவு.
கதவு.
கதவுக்குப் பின்னால் படி.
படிக்குக் கீழே போகக்கூடாது என்று அம்மா சொன்ன இடம்.

எதுகையும் மோனையும் தாமாக வந்தால் மகிழ்ச்சி. தேடிப்பிடித்து வைத்தால், குழந்தை மேடையேறி ஒப்பிப்பதுபோல் ஆகிவிடும்.

ஏழாம் படி: முதல் வரைவை எழுதுங்கள், பிறகு வெட்டுங்கள்

இதுவரை சொன்னவை எப்படிச் செயல்படும் என்பதை ஒரு சிறு எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். மூன்றரை வயதுக் குழந்தை. தந்தை வீட்டைவிட்டுப் போய்விட்டார். போய்ச் சில நாள்கள் ஆகின்றன. யோசிக்காமல் எழுதினால் இப்படி வரும்:

அப்பா என்னைத் தவிக்கவிட்டுச் சென்றார்,
என் சின்ன இதயம் நொறுங்கியது,
வெறுமையான வீட்டின் சுவர்களெல்லாம்
என் கண்ணீரில் நனைகின்றன.

இதில் குழந்தை எங்கும் இல்லை. "தவிக்கவிட்டு" என்பது அம்மாவின் சொல் அல்லது அயலாரின் சொல். இருபது பொருள்களின் பட்டியலுக்குத் திரும்பினேன். வாசலில் அப்பாவின் செருப்பு இல்லாத இடம் பதினான்காவதாக இருந்தது. அதை வைத்து எழுதியது:

அப்பாவின் செருப்பு இருந்த இடத்தில்
என் செருப்பை வைத்தேன்.
பெரிதாகவில்லை.
அம்மாவிடம் சொல்லவில்லை.
நாளைக்கும் வைத்துப் பார்ப்பேன்,
அப்பா வரும்வரை.

இடத்தை நிரப்பினால் செருப்பு வளர்ந்து அப்பாவுடையதாகிவிடும் என்று குழந்தை நம்புகிறது. இப்போது கவிதை குழந்தையின் பக்கம் வந்துவிட்டது. ஆனால் நான்காம் வரி என்னை உறுத்தியது. தாய் வருந்துவாள் என்று எண்ணி ஒன்றை மறைப்பது மூன்றரை வயதைவிடச் சற்று முதிர்ந்த செயல். வயதை ஐந்தாக்கினால் அந்த வரி நிற்கும். ஆனால் ஐந்து வயதில் செருப்பு வளரும் என்ற நம்பிக்கை தளர்ந்திருக்கும். இரண்டில் ஒன்று போக வேண்டும், வரியை எடுத்தேன். "அப்பா வரும்வரை" என்பது விளக்கம், அதையும் எடுத்தேன். "பார்ப்பேன்" என்ற துணைவினையில் ஒரு சந்தேகம் ஒளிந்திருக்கிறது; குழந்தைக்குச் சந்தேகம் இல்லை என்பதால் "வைப்பேன்" என்று மாற்றினேன்.

வெட்டும்போது இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கொள்ளுங்கள்: இங்கே குழந்தை இருப்பது குழந்தைக்காகவா, வேறொருவரின் துயரத்தை அளப்பதற்காகவா? இராமன் காடு செல்லும் செய்தி பரவியபோது கிளியும் பூவையும் பூனையும் அழுதன, "உரு அறியாப் பிள்ளை அழுத" என்று கம்பர் பாடுகிறார். நகரத்தின் துயரம் எவ்வளவு பெரிது என்பதைச் சொல்லும் வரிசையில் அந்தப் பிள்ளை நிற்கிறது. அங்கே அதன் வேலை அதுவே, அது மிகச் சரியாகவும் இருக்கிறது. நாம் எழுதும் கவிதையில் குழந்தை வரிசையில் நிற்கக்கூடாது.

சிறுவயதில் பெற்றோரைப் பிரிந்தவர்கள் இதை எழுதும்போது ஒன்று நேரும். இத்தனை ஆண்டுகளில் சேர்ந்த சினம், அன்று அந்தக் குழந்தையிடம் இல்லாத சினம், முதல் வரைவில் பொங்கி வரும். அது பொய்யன்று, வெட்கப்பட வேண்டியதும் அன்று. அதை முழுவதுமாக எழுதித் தனியே வைத்துவிடுங்கள், அது வேறொரு கவிதை. அடுத்த நாள் அமர்ந்து, அந்தப் பகலில் கையில் எது இருந்தது என்று மட்டும் கேளுங்கள். தாயின் ஆடையில் நெய்யப்பட்ட பூக்களைப் பார்த்து, ஊசியால் காகிதத்தில் குத்தி வடிவம் எடுத்துக்கொண்டிருந்ததைக் கூப்பர் நினைவில் வைத்திருந்தார். அப்போது தாய் தலையைத் தடவிச் சிரித்தாளாம். உயிரோடு இருக்கும் வேறொரு குழந்தையைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால், பெயரையும் அடையாளத்தையும் மாற்றுவதோடு, அந்தக் குழந்தை வளர்ந்து இதை வாசிக்கும் நாளை மனத்தில் வைத்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.

எட்டாம் படி: முடிவும் தலைப்பும்

கடைசி வரியை எழுதியதும் அதைக் கையால் மறைத்துவிட்டு, எஞ்சியதை உரக்கப் படியுங்கள். பல வரைவுகளில் கடைசி வரி, குழந்தை கண்டதைப் பெரியவர் வந்து எடுத்துச் சொல்லும் வரியாகவே இருக்கும். குழந்தை இன்னும் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருக்கும்போதே கவிதை நின்றுவிடுவது நல்லது.

இனி எஞ்சுவது, குழந்தைக்குத் தெரியாத, ஆனால் வாசகருக்குத் தெரியவேண்டிய செய்தி. எத்தனை நாள் ஆயிற்று, போனவர் எத்தகைய பிரிவில் போனார், யார் அறிந்திருக்கிறார்கள் என்பவற்றைக் கவிதைக்குள் நுழைத்தால் குழந்தையின் குரல் உடைந்துவிடும். அவற்றுக்கு உரிய இடம் தலைப்பு. அங்கே பெரியவர் பேசலாம். ஒரு செய்திக் குறிப்பைப்போல, உணர்ச்சிச் சொல் ஏதும் இல்லாமல் பேசலாம். மேலே வெட்டிய கவிதைக்கு நான் மூன்று தலைப்புகளை எழுதிப் பார்த்தேன். "செருப்பு" என்பது எதையும் தரவில்லை. "காத்திருப்பு" என்பது முழுவதையும் கொடுத்துவிட்டது. மூன்றாவதோடு கவிதை இவ்வாறு அமைந்தது:

பதினாறாம் நாள், சடங்குக்கு வந்தவர்கள் போன பிறகு

அப்பாவின் செருப்பு இருந்த இடத்தில்
என் செருப்பை வைத்தேன்.

பெரிதாகவில்லை.

நாளைக்கும் வைப்பேன்.